பேகன் நாட்டின் பழஞ்சேலைப் போர்வைகள்

திண்டுக்கல் நகரிலும் அதைச் சுற்றிய சமவெளியிலும் ‘போர்வை’ என்ற ஒரே சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. கடையில் வாங்கும் மெல்லிய பருத்தி விரிப்பு, தடித்த நூலில் இரட்டை அகலமாக நெய்த துப்பட்டி, ஆட்டு மயிரில் நெய்த கம்பளி, வடக்கிலிருந்து பொதியாக வந்திறங்கும் செயற்கை இழைப் போர்வை ஆகிய எல்லாம் இதில் அடங்கும். இவற்றோடு சேராமல், கடையில் விலைக்குக் கிடைக்காமல், வீட்டுப் பெண்களின் கையாலேயே உருவாகும் இன்னொன்றும் உண்டு. உடுத்தி இளைத்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரங்களை உள்மடித்து, நெடுக நூலோட்டித் தைக்கும் அடுக்குப் போர்வையே அது. நூலோட்டம் என்பது ஊசியைத் துணிக்கு மேலும் கீழுமாகப் புகுத்தி ஒரே வரியில் இழுத்துச் செல்லும் மிக எளிய கைத்தையல். இதே பொருள் வங்காளத்தில் கந்தா என்றும், பீகாரில் சுஜனி என்றும், மராட்டியத்தில் கோதடி என்றும், வட கர்நாடகத்தில் கௌதி என்றும், சிந்து, ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் ரல்லி என்றும் தனித்தனிப் பெயர் பெற்று, இன்று கைவினைப் பொருளாக மதிக்கப்படுகிறது. வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட கதைக்கவிதையின் தலைப்பிலேயே கந்தா இடம்பெற்றுவிட்டது. திண்டுக்கல் பக்கத்திலோ அது ‘சேலைப் போர்வை’, ‘தைச்ச போர்வை’ என்று செய்யப்பட்ட விதத்தைச் சொல்லியே அழைக்கப்படுகிறது; அதைத் தனியொரு கலைப்பொருளாக எவரும் கருதியதில்லை, சேலையின் ஆயுளில் ஒரு பருவமாகவே கருதினார்கள் என்பதற்கு இந்தப் பெயரே சான்று.

அந்தப் பருவம் இன்று பல வீடுகளில் பீரோவின் மேல்தட்டிலும் பரணிலும் தேங்கி நிற்கிறது. தைத்தவர் இறந்திருப்பார், அல்லது ஊசியில் நூல் கோக்க முடியாத வயதை எட்டியிருப்பார். பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இரண்டு அறை வீடுகளில் வாழ்வார்கள். சமவெளியின் வெப்பமோ ஆண்டில் பெரும்பகுதிக்கு ஒற்றைத் துணியையே மிகை என்று எண்ண வைக்கும். எடுத்துப் போர்த்தவும் ஆளில்லை, எறியவும் மனமில்லை என்ற நிலையில் பத்தும் பதினைந்துமாகக் கிடக்கும் இந்தப் போர்வைகளை என்ன செய்வது என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு பகுதி மக்களின் துணிப் பொருளாதாரம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் மடிந்து கிடக்கிறது.

சேர்ந்த விதம்

சேலைப் போர்வை எவ்வளவு சேரும் என்பதை எளிய கணக்கில் காணலாம். ஒரு சேலை ஏறத்தாழ 5.5 மீட்டர் நீளமும் 1.15 மீட்டர் அகலமும் உடையது. அதை நீளவாக்கில் இரண்டாக மடித்தால் 2.75 மீட்டர் நீளமுள்ள இரண்டு அடுக்கு கிடைக்கும். ஒருவர் படுத்துப் போர்த்திக்கொள்ள அது போதும். எனவே நான்கு அடுக்குப் போர்வைக்கு இரண்டு சேலையும், ஆறு அடுக்குக்கு மூன்று சேலையும் தேவை. ஓர் அங்குல இடைவெளியில் நெடுக்கு வரிகளாக நூலோட்டினால் 45 வரிகள் வரும், வரிக்கு 2.75 மீட்டர் என்று கொண்டால் ஊசி ஏறத்தாழ 124 மீட்டர் தூரம் நடக்கிறது. தையலுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலே ஒரு போர்வையில் பன்னிரண்டாயிரம் தையலுக்கு மேல் இருக்கும். அத்தனையும் சமையலுக்கும் வயல் வேலைக்கும் இடையில் கிடைத்த பிற்பகல்களில் போடப்பட்டவை. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. விற்பனை பற்றிய பேச்சு வரும்போது அது மீண்டும் தேவைப்படும்.

சேலை எங்கிருந்து வந்தது என்பதற்குத் திண்டுக்கல்லில் தனி விடை உண்டு. நகரிலிருந்து மதுரை செல்லும் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சின்னாளபட்டி நெசவாளர்களின் ஊர். செயற்கைப் பட்டுச் சேலையாலும் சுங்குடியாலும் பெயர் பெற்றது. சுங்குடி என்பது துணியைச் சிறு சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் முக்கி, பிறகு அவிழ்க்கும்போது சாயம் ஏறாத இடங்கள் புள்ளிகளாகத் தெளிந்து நிற்கும் முறை; மதுரையில் சௌராஷ்டிர மக்கள் வளர்த்த அந்தக் கலைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னாளபட்டியில் முடிச்சுக்குப் பதிலாக மெழுகு அச்சில் புள்ளியிடுவது பெருகியதால் விலை இறங்கி, சுங்குடி அன்றாட உடுப்பாயிற்று. பருத்தி நூலில் நெய்த சுங்குடி பல ஆண்டு துவைப்பில் கஞ்சியெல்லாம் இழந்து பூப்போல் மென்மையாகிவிடும் என்பதால், அடுக்குப் போர்வைக்கு அதைவிடப் பொருத்தமான துணி வேறில்லை.

வாங்கிய சேலைக்கு நிகராக, வந்து சேர்ந்த சேலையும் உண்டு. மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் திருமணம், காதுகுத்து, சடங்கு எனும் எல்லா நிகழ்விலும் சேலை கைமாறும், சாவிலும் கைமாறும். இறந்தவர் உடல்மேல் போர்த்தவும், கணவனை இழந்தவளுக்குக் கொடுக்கவும் பிறந்த வீட்டாரும் சம்பந்திகளும் கொண்டுவரும் புதுத்துணிக்குக் ‘கோடி’ என்று பெயர். கோடியாக வந்த சேலையை மனம் விரும்பி உடுத்துபவர் குறைவு. தள்ளிவிடுவதோ உறவை அவமதிப்பதாகும். ஆகவே அது மடிப்புக் கலையாமல் பல ஆண்டு கிடந்து, பிறகு போர்வைக்குள் அடுக்காகிவிடும். 1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய பொங்கல் இலவச வேட்டி சேலைத் திட்டம், ஏழைகளுக்கு உடையும் நெசவாளர்க்கு வேலையும் தரும் நோக்கில் ஆண்டுதோறும் இன்னொரு சேலையை வீட்டுக்குள் கொண்டுவந்தது.

இவ்வளவும் வரவு. செலவு ஏன் நடக்கவில்லை என்பதற்கு விடை முந்தைய தலைமுறையின் நினைவில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் துணி அரிதாகி, 1943-இல் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கட்டுப்பாட்டு விலைத் துணிக்கு வரிசையில் நின்ற வீடுகளில் வளர்ந்த பெண்களுக்குக் கிழிந்த துணியும் சொத்தாகவே பட்டது. அதற்கும் முன்பாக, திண்டுக்கல் மதுரை மாவட்டத்திற்குள் அடங்கியிருந்த காலத்தில், 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி மேலாடையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறியதற்கு, முழு உடைக்கு வழியற்ற மக்களின் நிலையே காரணமாக இருந்தது. பற்றாக்குறையின் பழக்கம் பற்றாக்குறை போன பிறகும் கையைவிட்டுப் போகவில்லை. இன்றைய மிகுதி அன்றைய பஞ்சத்தின் எச்சம் என்றால் அது மிகையன்று.

மயிலும் மனைவியும்

போர்வையைக் கொடுப்பது பற்றித் தமிழில் எவர் பேசினாலும் ஒரு பெயர் வந்தே தீரும். அந்தப் பெயருக்குரியவன் இந்த மாவட்டத்துக்காரன். வையாவிக் கோப்பெரும் பேகன் பொதினி மலைக்கு உரிய ஆவியர் குடித் தலைவன். பொதினி என்பது இன்றைய பழனி. மழைக்காலத்தில் அகவிய மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான் என்று புறநானூறும் சிறுபாணாற்றுப்படையும் அவனைக் கொண்டாடுகின்றன. அவனைப் பாடிய பரணர் அந்தச் செயலுக்குக் ‘கொடைமடம்’ என்ற சொல்லைக் கையாள்கிறார். பெறுபவர்க்குத் தேவையா, தகுதியா என்று ஆராயாமல் கொடுத்துவிடும் வள்ளன்மையின் அறியாமையை அது குறிக்கும். அந்த அறியாமையைப் புலவர் பழிக்கவில்லை, புகழவே செய்கிறார்.

பள்ளிப் பாடத்தில் கதை இங்கே முடிந்துவிடும். புறநானூற்றில் முடிவதில்லை. அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியோடு வாழ்ந்தபோது, கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் தனித்தனியே அவனிடம் சென்று, தமக்குப் பரிசில் வேண்டாம், வீட்டிலிருந்து வருந்தும் அவளிடம் திரும்பிச் செல்வதே தாம் கேட்கும் கொடை என்ற கருத்துப்படப் பாடினார்கள். காட்டு மயிலுக்குக் குளிர் தெரிந்தவனுக்கு வீட்டுக் குளிர் தெரியவில்லை என்பது புலவர்கள் நாகரிகமாகச் சொல்லாமல் சொன்ன குறை. மிகுந்த போர்வையை எங்கே அனுப்பலாம் என்று தேடும் குடும்பத்துக்கு இந்த இரண்டாம் பாதிதான் கூடுதலாகப் பயன்படும்.

சங்க இலக்கியத்தில் ஒட்டுத்தையல் வறுமையின் அடையாளமாகவும் வருகிறது. முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில், கரிகாலனிடம் வரும் பொருநன் உடுத்திருப்பது வேர்வையில் நனைந்து, வேற்று நூல் ஊடாடி, தையலால் மட்டுமே துணியாக நிற்கும் ‘துன்னற் சிதார்’. துன்னல் என்றால் தையல். சிதார் என்றால் கந்தல். மன்னன் அதைக் களைந்துவிட்டுப் புத்தாடை தருகிறான். பௌத்தத் துறவிகளோ இதே கந்தலை வேறு கண்ணால் பார்த்தார்கள். பிறர் எறிந்த துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்துச் சாயமேற்றிய சீவர ஆடையே அவர்களுக்கு உரியதாயிற்று. ஆக, தைத்த பழந்துணி ஒரு மரபில் களைய வேண்டியது. இன்னொரு மரபில் அணியத் தக்கது. திண்டுக்கல் வீடுகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, அதைப் போர்த்திக்கொண்டன.

இறங்கும் படிகள்

சேலைப் போர்வை குவிவதன் மெய்யான காரணம் எண்ணிக்கையைவிட ஓட்டம் நின்றுபோனதில்தான் இருக்கிறது. பழைய முறையில் துணி படிப்படியாகக் கீழிறங்கியது. புதுச்சேலை விசேஷத்துக்கு உரியது. சாயம் மங்கியதும் வீட்டுக்கட்டாகும். இளைத்ததும் தொட்டில் சேலையாகவோ போர்வை அடுக்காகவோ மாறும். போர்வை கிழிந்தால் படுக்கை விரிப்பு. விரிப்பும் நைந்தால் அடுப்படியில் சட்டி பிடிக்கும் துணி, பிறகு கால்மிதி, இறுதியில் திரியும் கரித்துணியும். பிறந்த குழந்தையை முதலில் புதுத்துணியில் கிடத்தாமல் பழைய மெல்லிய துணியில் கிடத்தும் வழக்கம் இந்த இறக்கத்தின் நடுப்படியில் அமைந்தது. துவைத்துத் துவைத்துக் கஞ்சியும் முரட்டு நூலும் போன பருத்தி, பச்சைக் குழந்தையின் தோலுக்கு உறுத்தாது.

இந்தப் படிகளைக் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் மூன்று பொருள்கள் அடைத்துவிட்டன. பாலியஸ்டர் சேலை இளைப்பதே இல்லை. நீரை உறிஞ்சாது, தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். எனவே அது குழந்தைக்கும் ஆகாது, அடுப்படிக்கும் ஆகாது. கடைக் கால்மிதியும் நுரைமெத்தையும் மலிந்தபோது கீழ்ப்படிகள் தேவையற்றுப் போயின. மூன்றாவது நினைவு. அம்மா தைத்தது, அப்பத்தா கட்டிய சேலையில் தைத்தது என்ற எண்ணம் ஏறியவுடன் போர்வை உபயோகப் பொருள் என்ற நிலையிலிருந்து பூசைப் பொருளாகிவிடுகிறது. தைத்தவர் கிழிய வேண்டும் என்றே தைத்த ஒன்றைக் கிழியாமல் காப்பது அவருக்குச் செய்யும் மரியாதையா என்பது கேட்கத்தக்க கேள்வி.

எனவே முதல் வேலை, எல்லாவற்றையும் இறக்கித் தரையில் பரப்புவது. அதற்குரிய காலம் மாசியும் பங்குனியும். காற்று வறண்டு, வெயில் ஏறி, மழைக்கு இன்னும் நாள் இருக்கும். நான்கு அடுக்குப் பருத்தி நனைந்தால் தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் வெளியடுக்கு காய்ந்தாலும் உள்ளடுக்கு காயாமல் பூசணம் பிடிக்கும். நாட்டில் போர்வை துவைக்க நல்ல நாள் பார்ப்பதில் மூடநம்பிக்கை ஒன்றுமில்லை, வானிலைதான் இருக்கிறது. திண்டுக்கல்லின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்புத் தன்மை மிகுந்தது. கடின நீரில் சோப்பு நுரைக்காமல் திப்பியாகப் படிந்து துணியைச் சாம்பல் நிறமாக்கும் என்பதால், கடைசி அலசலுக்கேனும் ஆற்றுநீர்க் குழாயோ மழைநீரோ கிடைத்தால் நல்லது. துவைக்குமுன் ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்துச் சாயம் விடுகிறதா என்று அறிந்துகொள்ள வேண்டும். செயற்கைப் பட்டு கலந்திருந்தால் முறுக்கிப் பிழியவே கூடாது. அதன் இழை மரக்கூழிலிருந்து எடுக்கப்படும் ரேயான். காய்ந்த நிலையில் உறுதியாகத் தோன்றினாலும் நனைந்தவுடன் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும்.

பாதுகாத்து வைப்பவற்றைப் பற்றிச் சில நுட்பங்கள் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் பீரோவில் வைத்தால் பத்திரம் என்பது பாதி உண்மைதான். அந்துப்பூச்சியின் புழு விலங்கு மயிரிலும் பட்டிலும் உள்ள புரதத்தைத் தின்னும். தூய பருத்தியை அது நாடாது. ஏட்டை அரிப்பதால் இராமபாணப் பூச்சி என்று பெயர் பெற்ற வெள்ளிப்பூச்சியோ மாவுச்சத்தையும் பருத்தியின் மூலப்பொருளான செல்லுலோசையும் தின்னும். எனவே கம்பளியையும் சேலைப் போர்வையையும் ஒரே மருந்தால் காக்க முடியாது. பருத்திக்கு முதற்பாதுகாப்பு கஞ்சி போடாமல் வைப்பதே. பிளாஸ்டிக் பை ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். பழைய வேட்டியில் சுற்றி வைப்பது மேல். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் மடிப்புக் கோட்டிலேயே இழை அறும் என்பதால், சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வேறு இடத்தில் மடிக்க வேண்டும். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் இந்தப் பகுதி வீடுகளின் பழைய காவல். அவற்றின் இடத்தைப் பிடித்த அந்துருண்டையில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு அந்துருண்டையின் நாப்தலீன் ஆவி சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கும். பேரன் பிறந்த மகிழ்ச்சியில் பீரோவிலிருந்து எடுத்த போர்வையை அப்படியே குழந்தைமேல் போர்த்துவது அன்பின் பெயரால் செய்யும் தவறு. துவைத்துப் பல நாள் வெயிலும் காற்றும் பட்ட பிறகே அதைத் தொட்டிலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

யாருக்குக் குளிர்?

பிரித்து வைத்தபின் கொடுக்கும் வேலை வருகிறது. கொடைமடத்தின் நவீன வடிவத்தைத் தமிழகம் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்கூடாகக் கண்டது. நாடெங்குமிருந்து நாகப்பட்டினம் கடற்கரைக்கு வந்த பழைய துணிகள், மீனவ மக்களுக்கு ஆகாதவையாகவும் அளவு பொருந்தாதவையாகவும் இருந்ததால், சாலையோரங்களில் குவிந்து மண்ணோடு மண்ணாயின. 1999-இல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கி, 2015-இல் அவருக்கு மகசேசே விருது பெற்றுத்தந்த ‘கூஞ்ச்’ அமைப்பு, பழந்துணியைத் தருமமாகப் பார்க்காமல் கிராமத்து உழைப்புக்கு ஈடாகும் பொருளாகப் பார்த்து, தரம் பிரித்து, தேவையறிந்து அனுப்பும் முறையை வகுத்தது. அது கிழிசல்களை அடுக்கிச் சுஜனி விரிப்புகளும் செய்கிறது. திருநெல்வேலியில் மாவட்ட நிர்வாகம் திறந்த ‘அன்புச் சுவர்’, வைப்பவரும் எடுப்பவரும் முகம் பார்த்துக்கொள்ளாமலே பொருள் கைமாறும் வழியைக் காட்டியது. கேட்டுக் கொடுப்பது, கூசாமல் எடுக்க விடுவது என்ற இரண்டு பாடங்களும் இவற்றில் உள்ளன.

திண்டுக்கல்லில் குளிர் எங்கே இருக்கிறது என்று தேடினால் விடை மூன்று திசையில் கிடைக்கும். மேற்கே ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானலும் அதன் மலைக் கிராமங்களும் இருக்கின்றன. அங்கே மார்கழி, தை இரவுகளுக்குக் கம்பளிதான் சரி, பருத்தி அடுக்கு அதற்கு உள்துணையாக மட்டுமே உதவும். இரண்டாவது திசை சமவெளியின் திறந்தவெளி இரவு. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டுக் காவல் படுப்பவர்கள், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் லாரிக்குக் காத்திருந்து மூட்டைமேலேயே உறங்கும் சுமைத் தொழிலாளர்கள், கிடங்குகளின் இரவுக் காவலர்கள் ஆகியோருக்குப் பனி நேரடியாகத் தலையில் இறங்குகிறது. அவர்களுக்கு வேண்டியது தடித்த, அழுக்குத் தெரியாத, தரைக்கும் மேலுக்கும் ஒருசேர ஆகும் ஆறு அடுக்குப் போர்வை.

மூன்றாவது திசை பழனிக்குச் செல்லும் சாலை. தைப்பூசத்தை ஒட்டிச் செட்டிநாட்டிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் வரும் பாதயாத்திரைக் கூட்டம் நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனியை அடைகிறது. வழிநெடுக மண்டபத்திலும் பந்தலிலும் தரையில் படுத்தெழுந்து நடக்கிறது. நடப்பவர் கையில் ஒரு கிலோ எடையுள்ள போர்வையைத் திணித்தால் அடுத்த கல்லிலேயே அது சாலையோரத்தில் கிடக்கும். அதையே வழியிலுள்ள மடத்துக்கோ அன்னதானப் பந்தலுக்கோ கொடுத்தால், ஒவ்வொரு இரவும் வேறொரு முதுகுக்கு அது பயன்படும். பேகன் ஊர்ச் சாலையில் பேகன் செய்த பிழையைத் தவிர்க்க இடம் மாற்றிக் கொடுத்தால் போதும்.

முதியோர் இல்லங்களுக்குக் கொடுக்கும் எண்ணம் பலருக்கு முதலில் தோன்றும். நல்ல எண்ணமே, ஆனால் அங்கே துவைப்பவரின் கையே எல்லை. மூத்தவர்களின் படுக்கைத் துணி அடிக்கடி நனையும் இடத்தில் நான்கு அடுக்கு காய இரண்டு நாளாகும் என்றால் அது உதவியாகாது, சுமையாகும். இரண்டு அடுக்கு மெல்லிய போர்வைகளை மட்டும், எத்தனை வேண்டும் என்று கேட்டு அனுப்புவதே சரி. மருத்துவமனை வார்டுக்குள் பழந்துணி தொற்றுக் காரணத்தால் ஏற்கப்படுவது அரிது. ஆனால் நோயாளிக்குத் துணையாக வந்து வராந்தாவில் படுப்பவர்க்கு அது உடனே பயன்படும். தெரு நாய்களைப் பேணுவோர் எந்த நிலையிலுள்ள போர்வையையும் மறுக்கமாட்டார்கள்.

விற்பதைப் பற்றி நேர்மையாகப் பேசினால் சுருக்கமாகவே பேச முடியும். அண்டை மாவட்டமான கரூர், படுக்கை விரிப்பு உள்ளிட்ட வீட்டுத் துணிகளை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்து வாழும் நகரம். எந்திரத்தில் விரைந்து தைத்த போர்வையோடு பன்னிரண்டாயிரம் கைத்தையல் விலையில் போட்டியிட முடியாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் பழைய வேலையாடைகளில் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர் ஏறி, நவீன ஓவியத்துக்கு இணையாகப் பேசப்பட்டன. ஐந்தே ஆண்டில், தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று அவர்களில் சிலர் நீதிமன்றம் போக நேர்ந்தது. புகழும் விலையும் தைத்தவரைத் தாண்டியே பெரும்பாலும் போகின்றன. எடைக்குப் போடுவதும் ஒரு விற்பனைதான். உலகின் பழந்துணி பெருமளவு போய்ச் சேரும் ஹரியானாவின் பானிபட்டில், துணியை நிறவாரியாகப் பிரித்து நாராகக் கிழித்து மீண்டும் நூலாக்கி மலிவுக் கம்பளி நெய்கிறார்கள். போர்வையிலிருந்து போர்வை பிறக்கும் அந்தச் சுற்று மோசமானதன்று. எனினும் பூப்போன்ற சுங்குடியை அதற்குள் தள்ளுவது வீண்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது

எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பதற்குப் பொது விதி கிடையாது. எனினும் வீட்டிலுள்ள தலைகளின் எண்ணிக்கையோடு விருந்தினர்க்கு இரண்டும், பார்வைக்கு ஒன்றும் சேர்த்தால் அதற்குமேல் வேண்டியிராது. அந்தப் பார்வைக்குரிய ஒன்று நன்றாக இருப்பதாக அமைய வேண்டியதில்லை; சேலைகள் இன்னின்னாருடையவை என்று அடையாளம் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். தைத்தவர் பெயர், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு, மேலடுக்கு யார் கட்டியது, கோடியாக வந்ததா, தீபாவளிக்கு எடுத்ததா என்ற குறிப்பை வெள்ளைத் துணித் துண்டில் அழியாத மையில் எழுதி மூலையில் தைத்துவிட்டால், போர்வை ஆவணமாகிவிடும். மற்றவற்றை நிழற்படம் எடுத்துவிட்டு அனுப்பலாம். அமெரிக்காவில் ஆர்டிஸ், ராபர்ட் ஜேம்ஸ் தம்பதியர் தம் வீட்டில் சேர்ந்துவிட்ட ஏறத்தாழ 950 போர்வைகளை 1997-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு வழங்கியதிலிருந்துதான் இன்றைய பன்னாட்டுப் போர்வை அருங்காட்சியகம் முளைத்தது. திண்டுக்கல்லில் அதற்கு ஒப்பான முயற்சிக்கு இடம் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. சின்னாளபட்டியை ஒட்டி 1947-இல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமமும், அங்கிருந்து வளர்ந்த கிராமியப் பல்கலைக்கழகமும் கதரையும் கிராமப் பெண்களின் உழைப்பையும் தொடக்கம் முதலே தம் அக்கறையாகக் கொண்டவை. பட்டுச் சேலைக்குக் கண்ணாடிப் பெட்டி எளிதில் கிடைத்துவிடுகிறது. பழஞ்சேலைப் போர்வைக்கு ஓர் அலமாரித் தட்டு கிடைத்தாலே ஆய்வாளர்க்குப் பேருதவியாகும்.

எஞ்சியவற்றை வெட்டி வேறாக்க நினைப்பவர்கள் கத்தரியை எடுக்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையால் ஓட்டிய நூலை நடுவில் வெட்டினால் வரி முழுவதும் உருவிக்கொண்டு வரும். எனவே வெட்டப்போகும் கோட்டின் இருபுறமும் எந்திரத்தில் இரட்டைத் தையல் போட்ட பிறகே வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் ஒரு போர்வையில் கோரைப்பாய்க்கு அடிவிரிப்பும், இஸ்திரி மேசைக்கு மெத்தையும், திண்ணைக்கு இருக்கையும், சட்டி பிடிக்கும் துணிகளும் கிடைக்கும். மேற்கு வெயில் அறையும் சுவரிலோ சன்னலிலோ தொங்கவிட்டால் அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்று வெக்கையைத் தணிக்கும். குளிரைத் தடுத்த அதே காற்று வெப்பத்தையும் தடுப்பதால், சமவெளியில் போர்வைக்குக் கோடையிலும் வேலை உண்டு.

முற்றிலும் நைந்தவற்றையும், பாலியஸ்டர் கலந்து போர்த்த ஒவ்வாதவற்றையும் தையல் பிரித்து மீண்டும் சேலையாக்கிவிடலாம். அந்தச் சேலைகளுக்குப் பழனி மலையடிவாரத் தோட்டங்களில் இன்று நல்ல கிராக்கி இருக்கிறது. 1963-இல் தேசியப் பறவையாகி, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் காவல் பெற்ற மயில், நிலக்கடலையையும் தக்காளியையும் கொத்தித் தின்று உழவரை அலைக்கழிக்கிறது. அதைத் துன்புறுத்தச் சட்டம் இடந்தராததால், அதையும் காட்டுப்பன்றியையும் உள்ளே விடாதிருக்க வயலைச் சுற்றிக் குச்சி நட்டுப் பழைய சேலைகளை வேலியாகக் கட்டுகிறார்கள். பேகன் மயிலுக்குத் துணி கொடுத்த அதே நிலத்தில் இப்போது மயிலைத் தடுக்கத் துணி வேண்டியிருக்கிறது. பருத்திச் சேலை வெயிலிலும் மழையிலும் ஓரிரு பருவத்தில் இற்றுவிடும். பாலியஸ்டர் அதைவிட நெடுநாள் நிற்கும். ஆகவே வேலிக்குப் பிரிக்கும்போது இரண்டையும் தனித்தனியே கட்டி, பருத்தியை வீட்டுக்குள்ளேயே நிறுத்திக்கொள்வது நல்லது.